நீல மூடி

வீட்டில் காபிக்கென்று ஒரு மூலை அமைக்கிறவர்கள் செய்கிற முதல் தப்பு, மெஷினை முதலில் வாங்கிவிடுவது. வாங்கிவந்து மேடை நடுவில் வைத்துவிட்டு, தண்ணீருக்கு எங்கே போவது, பிளக்கை எங்கே சொருகுவது என்று முழிப்பார்கள். தலைக்கு மேலே கபோர்டு இருந்தால் ஆவி பட்டுப் பட்டு ஆறே மாதத்தில் பலகை உப்பிக்கொள்ளும். முதலில் பார்க்க வேண்டியது ஆட்களை. யார் குடிக்கப்போகிறார்கள், எத்தனை பேர், முழங்கை எந்த உயரத்தில் வருகிறது, வலது கைக்காரரா இடது கைக்காரரா. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பதினேழு வருஷமாக இதுதான் என் தொழில், மேடம். சமையலறை, துணி அலமாரி, புத்தக அலமாரி, எதுவானாலும் அளந்து வரைந்து தச்சரிடம் கொடுப்பேன். உங்கள் அறைக்குள் வந்ததும் என் கண் போனதுகூட அந்தக் கோப்பு அலமாரிக்குத்தான். கதவை முழுசாகத் திறக்கவிடாமல் நாற்காலி இடிக்கிறது பாருங்கள். ஒரு சாண் தள்ளிப் போட்டால் போதும். சரி, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் கேட்டது அந்த நீல மூடி ஜாடியைப் பற்றி. அதைச் சொல்வதற்கு என் தங்கையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவள் என்னைவிட ஐந்து வயது சின்னவள். பிறவியிலேயே அவள் இதயத்துக்கு ஒழுங்காகத் துடிக்கத் தெரியாது. பதினாலு வயதில் பள்ளிக்கூட மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, ஓடக்கூடாது, பதறக்கூடாது, காபி டீ வாசனையே ஆகாது என்றார். வாசனை என்றது பேச்சுக்கு. எங்கள் அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அன்றோடு வீட்டில் காபி நின்றது. எனக்கு அப்போது பத்தொன்பது. காபி குடிக்காவிட்டால் கண்ணே திறக்காதவள் நான். ஒரு வாரம் தலையைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். "அவ பார்த்தா ஏங்குவாடி" என்றாள் அம்மா. சரி என்று விட்டுவிட்டேன். பழகிப்போயிற்று. இன்றுவரை தொட்டதில்லை.

எனக்குக் கல்யாணமாகி ஒரு பெண் பிறந்தாள். அவளுக்கு எட்டு வயதாகும்போது அவள் அப்பா வேறொரு வீட்டுக்குப் போய்விட்டார். அது இந்தக் கதைக்கு வேண்டாம். நான் வெளியே போனால்தான் அடுப்பு எரியும் என்றானது. தங்கை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா விட்டுப்போன வீட்டில் உட்கார்ந்து, அச்சுக்குப் போகிற புத்தகங்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் பாப்பா அங்கே போய்விடுவாள். வேலை முடிந்து நான் போய்க் கூட்டிவருவேன். இருபத்தைந்து வயதாகிறது, இன்றைக்கும் எனக்கு அவள் பாப்பாதான்.

நான் மரக்கடைக்கும் கட்டிடத்துக்கும் அலைந்துகொண்டிருக்க, தங்கை நோகாமல் நுங்கு தின்றாள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நடந்ததைச் சொல்கிறேன். பாப்பாவுக்குக் கடைசிப் பால்பல் விழுந்தது அவள் வீட்டில். சைக்கிள் பழகியது அவள் வீட்டு வாசலில். முதல் மாதவிலக்கு வந்த அன்று அந்தக் குழந்தை போன் செய்தது எனக்கு இல்லை. சித்தி என்றால் சின்ன அம்மா என்றுதானே அர்த்தம். எங்கள் வீட்டில் அந்தச் 'சின்ன' எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது.

காது கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் மருத்துவமனையில் பாப்பாவுக்கு வேலை. அங்கிருந்து தங்கை வீடு இரண்டு தெரு. ஐந்தரைக்கு வேலை முடிந்தால் நேரே அங்கே. எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள். "என்னம்மா விசேஷம்?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்லம்மா, அசதி" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். இருந்த பேச்சையெல்லாம் அங்கே கொட்டிவிட்டு, வெறும் பாத்திரமாகத்தான் என்னிடம் வருவாள்.

போன வருஷம் காஃபின் எடுத்த காபிக் கொட்டை என்று ஒன்றைப் பாப்பாதான் கண்டுபிடித்தாள். அது இதயத்தை ஒன்றும் செய்யாது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டும் வந்தாள். முப்பது வருஷத்துக்குப் பிறகு தங்கை காபி குடித்தாள். குடித்துவிட்டு அழுதாளாம். அதையும் பாப்பாதான் சொன்னாள், கண் கலங்கிக்கொண்டே. காபியை விட்டவர்கள் அந்த வீட்டில் இரண்டு பேர் என்பது அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிறகு ஒரு மெஷின் வாங்கிச் சித்தி வீட்டில் வைத்தாள். வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அம்மா, ஹால்ல ஜன்னலோரமா அழகா ஒரு காபி மூலை பண்ணித் தாயேன். உன்னை விட்டா இதை யாரும் ஒழுங்கா பண்ணமாட்டாங்க."

அந்த இரண்டு வாரம் நான் மறக்கமாட்டேன், மேடம். சாயங்காலமானால் நானும் பாப்பாவும் சேர்ந்து அந்த ஹாலில் மண்டியிட்டு அளப்போம். டேப்பின் ஒரு முனையை அவள் பிடிப்பாள், இன்னொன்றை நான். தங்கை குள்ளம், அதனால் மேடையை வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் இறக்கினேன். கோப்பைகள் தொங்கக் கொக்கிகள். கரண்டி, துணி, பால் காய்ச்சும் குவளை எல்லாம் முதல் டிராயரில். ஊறிய தூளைத் தட்டிப் போட ஓரத்தில் ஒரு டப்பா. கொட்டை அரைக்கிற மெஷின் மட்டும் இரண்டு. அது பாப்பாவின் பிடிவாதம். "என் தூள் ஒரு சிட்டிகை சித்தி கோப்பையில விழுந்தாலும் எனக்குத் தூக்கம் வராதும்மா" என்றாள். ஆகவே மேடையை நடுவில் பிரித்தேன். வலது பக்கம் பழுப்பு மூடி ஜாடி, பாப்பாவின் அசல் காபி. இடது பக்கம் நீல மூடி ஜாடி, தங்கைக்கு. வெளிச்சம் பட்டால் கொட்டை வீணாகும் என்பதால் உள்ளே தெரியாத பீங்கான் ஜாடிகள். லேபிளை நானே என் கையால் எழுதி ஒட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு காபி போட்டாலும் தப்பு நடக்காத அமைப்பு. என் வேலைகளில் ஒன்றைச் சொல் என்றால் அதைத்தான் சொல்வேன்.

வரைபடத்தில் மூன்று ஸ்டூல் போட்டிருந்தேன். பாப்பா பென்சிலை வாங்கி ஒன்றை அடித்துவிட்டாள்.

"ரெண்டு போதும்மா. நீதான் காபி குடிக்கமாட்டியே."

அவள் கெட்ட மனதோடு சொல்லவில்லை. இடம் குறுகல், ஜன்னல் கதவைத் திறக்க வேண்டும். தொழில்முறையாகப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. இரண்டு ஸ்டூலுக்குத் தச்சரிடம் சொன்னேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் போய் ஜாடிகளைத் துடைத்து நிரப்புவது என் வேலையானது. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. அந்த நேரம் அவர்கள் இரண்டு பேரும் பூங்காவில் மெதுவாக நடந்துவிட்டு வருவார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் டிராயர் இடிக்கிறது என்று சொன்னார்களே என்று ஸ்குரூடிரைவரோடு போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே சிரிப்பு. நான் நுழைந்ததும் நின்றது. பாப்பா ஒரு ஸ்டூலில் இருந்தாள். இன்னொன்றில் ஓர் இளைஞன், வளர்ந்த பையன், கண்ணாடி போட்டவன். தங்கை நின்றுகொண்டு அவனுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து வணக்கம் சொன்னான். நான் டிராயரைச் சரிசெய்தேன். ஒரு திருகு தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, தப்பா நினைக்காதே. உன்கிட்ட சொல்ல அவளுக்குப் பயம். அத்தான் பண்ணிட்டுப் போனதுக்கப்புறம், அம்மாவுக்கு ஆம்பளைங்க பேச்சையெடுத்தாலே ஆகாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. நான் பக்குவமா உன்கிட்ட எடுத்துச் சொல்லலாம்னு இருந்தேன்."

"எத்தனை நாளா?"

"ஏழு மாசம் இருக்கும்."

"பையன் நல்ல பையனா?"

"தங்கம்க்கா."

"அப்புறம் என்ன. சந்தோஷம்" என்றேன். உண்மையாகவே அவன் நல்ல பையன்தான். வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் பார்த்தேன், ஸ்குரூடிரைவரை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு நீல மூடி ஜாடியில் பாதிக்குப் பாதி அசல் கொட்டையைக் கலந்தேன்.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான் விஷம் வைக்கவில்லை. உலகம் முழுக்கக் காலையில் எழுந்ததும் குடிக்கிற பொருள் அது. அவளுக்குக் கொஞ்சம் படபடப்பு வரும், படுத்துக்கொள்வாள், டாக்டர் காபியே வேண்டாம் என்பார், அந்த மூலை மூடப்படும், பாப்பா ஐந்தரைக்கு வீட்டுக்கு வருவாள். அவ்வளவுதான் என் கணக்கு. யாருக்கும் பெரிய நஷ்டமில்லாத கணக்கு.

புதன்கிழமை தங்கை போன் செய்தாள். "அக்கா, இந்தத் தடவை கொட்டை எங்கே வாங்கினே? அவ்வளவு நல்லா இருக்கு. சின்ன வயசுல அம்மா போடுவாளே, அந்த மணம்." ஒரு கோப்பை குடித்துக்கொண்டிருந்தவள் மூன்றாக்கிக்கொண்டாள். கெடுதலில்லாத காபி என்றுதானே அவள் நம்பினாள்.

இரண்டாம் வாரம் படபடப்பு வந்தது. மூன்றாம் வாரம் மாடிப்படி ஏற முடியவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனது நான்தான். காத்திருந்த நேரமெல்லாம் என் தோளில் சாய்ந்திருந்தாள். டாக்டர் கேட்டார், காபி டீ ஏதாவது உண்டா என்று.

"காஃபின் எடுத்ததுதான் டாக்டர். நானே வாங்கி நானே நிரப்பறேன்" என்றேன்.

"இப்படி ஒரு அக்கா இருந்தா பாதி வியாதி போயிடும்" என்று அவளிடம் சொன்னார். மாத்திரையைக் கூட்டி எழுதினார். காபியை நிறுத்தச் சொல்லவில்லை. என் கணக்கில் முதல் பிசகு அது.

இரண்டாவது பிசகு பாப்பா. சித்தி தனியாக இருக்கக்கூடாது என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள். நான் இரண்டு தட்டு வைத்தேன், பழக்க தோஷம். அவள் வாசலில் நின்று, "கொஞ்ச நாளைக்குத்தாம்மா" என்றாள். என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். ஐந்தரையிலிருந்து எட்டு வரை இருந்தது, இப்போது முழு நாளும் ஆனது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை.

அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. அந்த ஞாயிறிலிருந்து நீல மூடிக்கு அசல் கொட்டை மட்டும்தான், கடையில் இருந்ததிலேயே திடமானது. பாப்பா அங்கே இருந்ததால் நான் ஜாடியைத் தொடவில்லை. வீட்டிலேயே இரண்டு பொட்டலம் கட்டி, ஒன்றில் நீலம், ஒன்றில் பழுப்பு என்று சீட்டு ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜாடியில் கொட்டியது பாப்பா. வேண்டுமென்றே அவளைக் கொட்டவிட்டீர்களா என்று கேட்பீர்கள். அப்போது அப்படி யோசிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று வாரம். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழே காலுக்குப் போன் அடித்தது. "அம்மா" என்றாள் பாப்பா. அவளே போட்டுக்கொடுத்த காபியை ஸ்டூலில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தபோது தங்கை அப்படியே சரிந்திருக்கிறாள். நான் கவனித்தது வேறு. அவ்வளவு பெரிய துக்கத்திலும் அவள் வாயில் முதலில் வந்தது அம்மா என்ற சொல்தான்.

நான் போனபோது ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டிருந்தது, பாப்பா அதில் போயிருந்தாள். மேடையெல்லாம் காபி. துடைத்தேன். கோப்பையைக் கழுவிக் கொக்கியில் மாட்டினேன். நீல மூடி ஜாடியையும் அதன் பக்கத்து மெஷினையும் காலிசெய்து, காஃபின் எடுத்த கொட்டையால் நிரப்பினேன். பையில் கொண்டுபோயிருந்தேன். பிறகு மருத்துவமனைக்குப் போய்ப் பாப்பாவைக் கட்டிக்கொண்டேன். தங்கை வழியிலேயே போய்விட்டிருந்தாள்.

ரத்தத்தைச் சோதிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ரத்தத்தில் காஃபின் நிறைய இருக்கிறது, அசல் காபிதான் குடித்திருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். பாப்பா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலம் கேட்டாள்.

"அம்மா, பொட்டலத்தை நான்தான் மாத்திக் கொட்டிட்டேனா? மூணு வாரமா எனக்கு மத்தியானமே கண்ணைச் சொருகுச்சு. என் ஜாடியிலதான் சித்தியோட கொட்டை இருந்திருக்கு. அதனாலதானே?"

ராத்திரியெல்லாம் சித்திக்குப் பக்கத்தில் விழித்திருந்தால் மத்தியானம் கண்ணைச் சொருகாமல் என்ன செய்யும். அதை நான் சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே ஒத்துக்கொள்கிறேன், சொல்லியிருக்கலாம்.

"பதட்டத்துல யாருக்கும் கை மாறும்மா" என்றேன். "உன்னை யார் குத்தம் சொல்லப்போறா? நான் இருக்கேன்ல."

என் மடியில் விழுந்து அழுதாள். எட்டு வயதுக்குப் பிறகு அவள் என் மடிக்கு வந்ததே இல்லை. தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் என் வீட்டில்தான் இருந்தாள். வேலைக்குப் போகவில்லை. நான் ஊட்டினால் சாப்பிடுவாள். என் கட்டிலில், என் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். அந்தப் பையன் இரண்டு தடவை வந்தான். ஒரு கொலைகாரியை நீங்கள் கட்டிக்கொள்ள வேண்டாம் என்று இவளே அனுப்பிவிட்டாள். வீடு நிறைந்திருந்தது, மேடம். வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவருவேன்.

ஆனால் அவள் பேசியது ஒன்றைப் பற்றித்தான். சித்தி இப்படிச் சிரிப்பாள், சித்தி அப்படித் திட்டுவாள், சித்தி கடைசியாக என்னைப் பார்த்த பார்வை. பக்கத்தில் நான் இருந்தேன், என் கை அவள் முதுகில் இருந்தது. அழுததெல்லாம் சித்திக்காக. உயிரோடு இருந்தபோதாவது எட்டு மணிக்கு மேல் பாப்பாவை என்னிடம் அனுப்பிக்கொண்டிருந்தாள். செத்த பிறகு ஒரு நிமிஷம்கூட விடவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பாப்பா இங்கே வந்து, தானே கொன்றதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். சாட்சிக்காக என்னை வரவழைத்து, காலையில் அதைப் படிக்கக் கொடுத்தீர்கள். நான் ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று கேட்டீர்களே. எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு பக்கம். சித்தி என்று முப்பத்தேழு இடத்தில் எழுதியிருக்கிறாள். அம்மா என்று இரண்டே இடம். ஒன்று, அம்மா அமைத்துக் கொடுத்த மேடை. இன்னொன்று, அம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவ்வளவுதான். அவள் வாழ்க்கையிலேயே பெரிய விஷயம் அது, அதில் எனக்கு இருப்பது இரண்டு வரி.

மகளைக் காப்பாற்றத் தாய் பழியை ஏற்கிறாள் என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படி நினைத்தால் பொட்டலம் கட்டிய காகிதமும் சீட்டும் என் பட்டறை மேஜையின் மூன்றாம் டிராயரில் இருக்கின்றன, எடுத்துப் பாருங்கள். மிச்சக் கொட்டையும் அங்கேதான். நான் எதையும் வீணாக எறிகிறவள் இல்லை.

அவள் எழுதிய தாளை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதுசாக ஒன்று எடுங்கள். என் தங்கையைக் கொன்றது நான். முதலில் பாதி, பிறகு முழுக்க, இரண்டுமே தெரிந்துதான் செய்தேன். கடைசி மூன்று வாரம் என் மகளின் கையால் செய்தேன். அவள் தப்பு இல்லை என்று தெரிந்தும், அவள்தான் என்று அவளை நம்பவிட்டேன்.

எழுதி முடித்ததும் வெளியே பெஞ்சில் இருக்கிற அவளிடம் படித்துக் காட்டுங்கள். ஒரு வரி விடாமல் காட்டுங்கள். முதலில் கத்துவாள். உன் முகத்திலேயே முழிக்கமாட்டேன் என்பாள். கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டாள், மூன்றாம் நாள் தானாக வந்து பக்கத்தில் நிற்பாள். அவளைப் பெற்றவள் எனக்குத் தெரியாதா. எத்தனை நாளானாலும் காத்திருக்கிறேன். இனி அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.